வடக்கால சாய்கிற வண்டி

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. வழக்கம்போல் விடிவதற்கு முன்பே எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சி இரண்டு டம்ளர் காபி கலந்தேன். என் மனைவியின் டம்ளருக்கு அரைக் கரண்டி சர்க்கரை கூடுதல். பிறகு ஈரத்துணியால் மேசையைத் துடைத்துவிட்டுக் கணினித் திரையைப் போட்டேன். இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த வேலை முடிந்து படம் தயாராக இருந்தது. அதை இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை என் சட்டைப் பையிலும் மற்றதை மனைவியின் கைப்பையிலும் போட்டேன். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் இரண்டு எடுத்ததற்கே அர்த்தமில்லை.

இதுவரை நாட்குறிப்பில் உள்ளது. அன்று சாயங்காலம் களைப்பில் ‘ராசிபுரம் போய் வந்தோம்’ என்று மட்டும் எழுதி மூடிவைத்துவிட்டேன். மிச்சத்தை இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அந்தப் படம் ஒரு ரோலர் கோஸ்டர். நிஜத்தில் எங்கும் இல்லாதது. கணினியில் நான் கட்டியது.

நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறவன். ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோது, வீட்டில் சும்மா இருந்த கைக்கு ஒரு மென்பொருள் கிடைத்தது. தண்டவாளத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து வளைக்கலாம், தாங்குகால் நடலாம், வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது பொய்க் கணக்குக்கு ஒத்துவராது. ஏற்றத்தின் உயரம் போதாவிட்டால் அடுத்த மேட்டில் பாதி ஏறி வண்டி பின்வாங்கும். வளைவில் சாய்வு குறைந்தால் உட்கார்ந்திருப்பவரின் கழுத்து எவ்வளவு வாங்கும் என்று சிவப்புக் கோடு காட்டும். தண்டவாளத்தை மையமாக வைத்து வண்டியை உருட்டினால் தலை வீசி அடிக்கும். உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை மையமாக வைத்து உருட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. கண்டுபிடித்த அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஓஹோ” என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நிஜ ரோலர் கோஸ்டரில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் மனைவியின் தம்பி ராசிபுரத்தில் இருக்கிறான். நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆறு இருக்கை கொண்ட ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு முன் கொட்டகையில் இறக்கினான். பொருட்காட்சியில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருட்டாக இருக்கும், எதிரே திரை. படத்தில் வண்டி இறங்கினால் இருக்கை முன்னால் கவிழும், வளைந்தால் பக்கவாட்டில் சாயும். இவன் வாங்கியது பழைய பெட்டி. கூடவே வந்த படங்கள் அதைவிடப் பழசு. ஒரு படத்தில் டிராகன் துரத்தும், ஒரு படத்தில் எலும்புக்கூடு துரத்தும். எந்தப் பொருட்காட்சிக்காரரும் சீண்டவில்லை. “இதுதான் எல்லாப் பக்கமும் இருக்குதே” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியாக ஆத்தூரில் பொருட்காட்சி போடுகிற ஒருவர், வந்து பார்க்கிறேன், புதிதாக ஏதாவது இருந்தால் இடம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அவர் வருவதாகச் சொன்ன நாள்தான் அந்தச் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இந்த இடமும் கிடைக்காவிட்டால் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மில்லுக்கே திரும்பிப் போகிறேன் என்று மச்சினன் தன் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரும்புக்காரர் வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

புதிதாக ஒன்று வேண்டும் என்றதும் அவனுக்கு என் ஞாபகம் வந்தது.

“மாமா, நீங்க சும்மா செஞ்சு செஞ்சு அழிக்கறீங்கள்ல. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க.”

“செஞ்சு தர்றேன் மாப்ள. ஆனா அசல் மாதிரிதான் இருக்கும். டிராகன் வராது.”

“டிராகன் வேண்டாம். ஒரு பாம்பு? வாயில நொழஞ்சு வாலு வழியா வெளிய வந்தாப் போதும்.”

“பாம்புக்கு தாங்குகால் எங்க நடறது?”

“பாம்புக்கு எதுக்குங்க காலு?” என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அதோடு பாம்பு போனது.

நம்ம ஊர் நிலத்தின் மேலேயே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் சங்கிலி பிடித்து வண்டி மேலே ஏறும். உச்சியில் சற்று நிதானித்து, குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் இறங்கும். கோழிப்பண்ணைக் கொட்டகைகளுக்கு நடுவே வளைந்து, ஒரு மேட்டைத் தாண்டி, சேகோ பேக்டரியில் ஜவ்வரிசி காயப்போட்டிருக்கும் வெள்ளைக் களத்தின் மேல் கால் உரசுகிற உயரத்தில் பறக்கும். கடைசியில் பாறையைச் சுற்றி ஒரு சுருள், பிறகு பிரேக். எல்லாம் தன் வேகத்திலேயே போய்த் திரும்ப வேண்டும், நடுவில் யாரும் தள்ளிவிடக் கூடாது. அதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

படம் செய்வது என் பொறுப்பு, இருக்கையை அசைப்பது அவன் பொறுப்பு. புதுப் பெட்டிகள் படத்திலிருந்து அசைவைத் தாங்களே எடுத்துக்கொள்ளுமாம். இவனுடைய பெட்டிக்கு எந்த நொடியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தர வேண்டும். ஆகவே தினமும் பட்டறை விட்டு வந்ததும் அவனைப் போனில் கூப்பிடுவேன். நான் இங்கே என் மேசையில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சொல்லுவேன். அவன் அங்கே தட்டிக்கொள்வான்.

“எறக்கம் முடிஞ்சதும் வடக்கால சாயுது மாப்ள. இருவது டிகிரி.”

“வடக்கால இருவது. ஆச்சுங்க.”

“அப்பறம் நேரா வந்து, தெக்கால. இது கொஞ்சம் எச்சா, முப்பது.”

“தெக்கால முப்பது. சித்தெ இருங்க மாமா, கரண்டு போயிருச்சு.”

முதல் ஏற்றத்திலிருந்து சேகோ களம் வரை இப்படிப் போனிலேயே முடித்தோம். கடைசிச் சுருளுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு ராசிபுரத்துக்கே போனேன். அதில் சாய்வு நொடிக்கு நொடி மாறும், போனில் சொல்லி மாளாது. பெட்டிக்குள் முன்வரிசையில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவன் வாசலில் நின்று தட்டினான். முழுப் படத்தையும் பெட்டியையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க எங்களுக்கு வாய்க்கவே இல்லை. படம் அந்தச் சனிக்கிழமை விடிகாலைதானே முடிந்தது.

இரண்டாம் சனி, பட்டறை அலுவலகம் விடுமுறை. மனைவியும் கிளம்பினாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ராட்டினம் எதிலும் பயமில்லாதவள். “மொத ஆளு நாந்தான் ஏறுவேன். என்ற தம்பி பெட்டி” என்று சொல்லிவிட்டாள். புதன்சந்தை வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் நான் படத்தில் போட்டிருந்த கொட்டகைகளையும் வெளியே தெரிந்த கொட்டகைகளையும் ஒப்பிட்டுக்கொண்டு போனேன். கூரைச் சரிவு சரியாகவே இருந்தது.

மச்சினன் பெட்டியைக் கழுவித் துடைத்து, வாசலில் மாவிலை கட்டி வைத்திருந்தான். “வா அக்கா. வாங்க மாமா. காபி குடிச்சிட்டு ஏறலாமா, ஏறிட்டுக் குடிக்கலாமா?”

“ஏறிட்டு” என்றாள் அவள்.

அந்த ஒரு முடிவு எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பத்து நிமிஷத்தில் தெரிந்தது.

அவள் முன்வரிசையில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தினோம். சங்கிலிச் சத்தம் கேட்டது. ஏற்றம் முடிந்து, ஒரு நிசப்தம், பிறகு இறக்கம். “ஹே” என்று உள்ளிருந்து சந்தோஷச் சத்தம் வந்தது. மச்சினன் என் தோளைத் தட்டினான். அதற்கு அடுத்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கழித்து, “டேய்” என்று ஒரு குரல். பிறகு, “ஏனுங்க” என்று என்னை. இரண்டிலும் சந்தோஷம் இல்லை.

வண்டி நின்றதும் அவள் இறங்கி நேராக வேப்ப மரத்தடிக்குப் போய்க் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்தால் தேவலை என்பது போல நின்றாள். மச்சினன் மனைவி எலுமிச்சம்பழம் பிழிய உள்ளே ஓடினாள்.

“அம்மிணி, என்ன ஆச்சு?”

“கொமட்டுது. பேசாதீங்க.”

நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ராட்டினத்தில் சுற்றிவிட்டு இறங்கி மிளகாய் பஜ்ஜி தின்கிறவள். அவளுக்கே இந்த நிலை என்றால் ஆத்தூர்க்காரருக்கு?

“மாமா, உங்க வளைவு ஏதோ கோளாறு” என்றான்.

“என்ற வளைவுல ஒரு செவப்புக் கோடு கெடையாது. உன் பெட்டியில எண்ணெய்க் குழாய்ல காத்துப் பூந்திருக்கும்.”

“நேத்துதாங்க எண்ணெய் மாத்துனேன்.”

“மாத்தறப்பதான் காத்துப் பூரும்.”

அவன் படுத்துக்கொண்டு பெட்டிக்கு அடியில் போனான். நான் மடிக்கணினியைத் திறந்து முதல் வளைவிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினேன். அவன் அடியிலிருந்தபடியே, “குழாய் சரியா இருக்குதுங்க” என்றான். “வளைவும் சரியாத்தான் இருக்குது” என்றேன் நான். இரண்டு பேரும் சரியாக இருந்தோம். அக்கா மட்டும்தான் சரியாக இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாருக்கும் பசியில்லை. மச்சினன் மனைவி எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை நான் எதிர்கொள்ளவில்லை. ஆத்தூர்க்காரருக்குப் போன் செய்து இன்னொரு நாள் வரச் சொல்லலாமா என்றேன். “இன்னொரு நாள்னு சொன்னா அவரு வேற ஆளப் பாத்துருவாருங்க மாமா” என்றான் அவன். கையெல்லாம் எண்ணெய்.

எலுமிச்சைத் தண்ணீர் குடித்து என் மனைவிக்குக் கொஞ்சம் தெளிந்தது. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “கடைசியில நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

“எது நல்லா இருந்துச்சு?”

“அந்தப் பாறையச் சுத்துனது. அது ஜோரா இருந்துச்சு. அதுக்கு மின்னாடிதான் ஒண்ணுக்கொண்ணு சேரல. படத்துல வண்டி தெக்கால திரும்புது, சீட்டு என்னையக் கொண்டுபோயி வடக்கால சாய்க்குது. கண்ணு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.”

“எங்க தெக்கால திரும்புது?” என்றேன். “மொத வளைவு வடக்கால.”

“தெக்கால.”

“அம்மிணி, கட்டுனவன் நான். மொத வளைவு வடக்கால.”

“ஏறுனவ நான். தெக்கால.” எழுந்து வந்து பெட்டிக் கதவைத் திறந்து கையை நீட்டிக் காட்டினாள். “இங்க உக்காந்தேன். திரை இங்க. வண்டி இப்பிடித் திரும்புச்சு. இது தெக்கா, இல்லையா?”

அவள் கை காட்டிய பக்கம் ராசிபுரத்துத் தெற்குதான். திரையில் அது இடது பக்கம். என் வீட்டுத் திரையிலும் முதல் வளைவு இடது பக்கம்தான். ஆனால் என் மேசை கிழக்குப் பார்த்தது. கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் வடக்கு. பெட்டியில் உட்கார்ந்தவர் பார்ப்பது மேற்கு. அங்கே இடது கைப்பக்கம் தெற்கு.

நான் நாமக்கல்லில் உட்கார்ந்து என் வடக்கைச் சொன்னேன். அவன் ராசிபுரத்தில் உட்கார்ந்து அவன் வடக்கைத் தட்டினான். இரண்டு வடக்கும் ஒரே வடக்குதான், அதில் தப்பில்லை. வண்டிக்குத்தான் திசை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இடமும் வலமும். அந்த இரண்டு சொல்லை மட்டும் இத்தனை நாளில் நாங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்லுவோம்? எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவரைக்கூட “கொஞ்சம் மேக்கால தள்ளிக்குங்க” என்றுதான் சொல்வது வழக்கம். என் பெரியப்பா ஒருவர் பல் டாக்டரிடம் போய், “கெழக்காலக் கடவாய்ப் பல்லுங்க” என்றார். டாக்டர் வெளியூர்க்காரர். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் வலி எந்தப் பல்லுக்குப் போகும் என்று கேட்டாராம்.

முதலில் சிரித்தது மச்சினன்தான். கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சட்டென்று எழுந்து, “அப்ப ஒண்ணுமில்லீங்க மாமா, பெட்டியக் கெழக்கால திருப்பி வெச்சிட்டாச் சரியாப்போச்சு. நாலு ஆளக் கூப்பிடறேன்” என்றான்.

“ஏன்டா சாமி,” என்றாள் அவன் அக்கா, “பெட்டியத் திருப்புனா சீட்டும் அதுகூடத்தானே திரும்பும்?”

அவன் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். “ஆமா” என்றான்.

படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போடலாமா என்று எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்தால் லாரி நம்பரும் பஸ் பெயர்ப்பலகையும் இடம் வலம் மாறிய எழுத்தாகும், ரோட்டில் எல்லாம் வலப்பக்கம் ஓடும். அசல் மாதிரிதான் இருக்கும் என்று சொன்ன வாயால் அதைச் செய்ய மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி தட்டுவதென்றால் நான்கு மணிக்குள் ஆகாது.

வழி சொன்னது அவன்தான். இருக்கைக்கு அடியில் இடதுபுறம் ஒரு தண்டு, வலதுபுறம் ஒரு தண்டு. இரண்டும் ஏறி இறங்கித்தான் இருக்கையைச் சாய்க்கின்றன. இரண்டுக்கும் வருகிற ஒயரைப் பிடுங்கி மாற்றிச் சொருகினால் இடம் வலமாகும். முன்னால் கவிழ்வதும் பின்னால் சாய்வதும் மாறாது, ஏனென்றால் அதற்கு இரண்டு தண்டும் சேர்ந்தே அசையும். அவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி உடம்பு பெட்டிக்கு அடியில் போயிருந்தது.

“அப்ப கடைசிச் சுருளு?” என்றேன்.

“அதுக்கென்னங்க?”

“அதை நான் இங்க உக்காந்து சொன்னேன். அது இப்ப சரியா இருக்குது. ஒயரை மாத்துனா அது மட்டும் தப்பாயிரும்.”

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. “உங்கள யாருங்க மாமா அன்னிக்கு வரச் சொன்னது?”

ஆக ஒயரை மாற்றிவிட்டு, கடைசிச் சுருளை மட்டும் திருப்பித் தட்டுவது என்று முடிவானது. நான் திரையைப் பார்த்துச் சொன்னேன், அவன் தட்டினான், அவன் அக்கா நடுவில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், “இடது கை எது? தூக்குங்க பாக்கலாம்” என்று இரண்டு பேரையும் ஒரு தடவை தூக்கவைத்தாள். நான் வாய் தவறி “தெக்கா” என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமினாள். அதற்கு நடுவிலேயே மச்சினன் மனைவி தட்டில் சாதம் பிசைந்து கொண்டுவந்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள். “இதுக்கு மில்லு மெஷினே பரவால்ல” என்றாள் புருஷனிடம். அவன் வாய் நிறையச் சாதத்தோடு தலையாட்டினான்.

தட்டி முடித்து, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஆத்தூர்க்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை, பையில் பெரிய போன், முகத்தில் எதற்கும் அசையாத களை. எத்தனை பெட்டிகளில் ஏறி இறங்கியிருப்பாரோ. “டிராகன் படம்னா சொல்லிடுங்க, நான் இப்படியே கிளம்பிடறேன்” என்றார்.

“டிராகன் இல்லீங்க. நம்ம பக்கத்துல அசலா ஒரு ரோலர் கோஸ்டர் போட்டா எப்படி இருக்கும், அதுங்க” என்றான் மச்சினன்.

“பேய்?”

“பேயும் இல்லீங்க.”

“அப்ப என்னதான் இருக்கு?”

“நீங்க உக்காருங்க.”

என்னையும் அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னான். கதவு மூடியது. நான் திரையைப் பார்க்கவில்லை, அது மனப்பாடம். திரை வெளிச்சத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலி ஏற்றத்தில் கொட்டாவி விட்டார். உச்சியில் லாரிப் பட்டறைக் கூரைகள் கீழே சின்னதாகத் தெரிந்தபோது கொட்டாவி பாதியில் நின்றது. இறங்கினோம். முதல் வளைவு இடப்பக்கம். இருக்கை இடப்பக்கம் சாய்ந்தது. படமும் உடம்பும் ஒன்றாகப் போயின. எனக்கு அதற்குப் பிறகுதான் மூச்சே வந்தது.

கோழிப்பண்ணை தாண்டி அந்த மேடு வந்தது. நான் அதிக நாள் உழைத்தது அந்த ஒரு மேட்டுக்குத்தான். வண்டி அதன் மேல் போகும்போது உடம்பு இருக்கையை விட்டு ஒரு கணம் லேசாக வேண்டும். தூக்கி எறிவது போல் இருக்கக் கூடாது, மறந்து கைவிட்டது போல் இருக்க வேண்டும். பெட்டியில் அதற்கு இருக்கை ஒரு விரற்கடை இறங்கும், அவ்வளவுதான். மேட்டின் உச்சியில் ஆத்தூர்க்காரரின் கை கம்பியை விட்டுவிட்டுச் சட்டைப் பைக்குப் போய்ப் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. விழுந்துவிடும் என்று பயந்திருக்கிறார். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிற பெட்டியில், அசையாத கொட்டகைக்குள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. இடம் கிடைக்கிறதோ இல்லையோ, மேடு சரியான மேடு. ஆனால் மச்சினனுக்கு மேடு போதாதே. இடம் வேண்டும்.

வெள்ளைக் களத்தின் மேல் பறந்தோம். சுருளுக்குள் நுழைந்தோம். நாங்கள் அவசரத்தில் திருப்பித் தட்டிய பகுதி. ஒன்று, இரண்டு என்று வளைவுகள் சரியாகவே போயின. பாறையின் பின்பக்கத்தில், இடது வளைவில், இருக்கை திடீரென்று வலப்பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு முறைதான். அவர் “ஓய்” என்று என் மேல் சரிந்தார். அடுத்த நொடி சரியாகிவிட்டது. பிரேக் பிடித்து வண்டி நின்றது.

ஒன்றைத் தட்டாமல் விட்டிருக்கிறோம். அநேகமாகச் சாதத்தைக் கையில் வாங்கிய நேரத்தில்.

வெளியே வந்து அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நாங்கள் மூன்று பேரும், மச்சினன் மனைவியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அந்தப் பாறைகிட்ட என்னாது அது? யாரோ பக்கத்துல இருந்து தள்ளின மாதிரி?”

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். “அது வந்துங்க, ஒரு இடத்துல...”

“காத்துங்க” என்றான் மச்சினன். “அந்தப் பாறை மறைப்பத் தாண்டுனா பொளேர்னு காத்து அடிக்குமுங்க. அசல் ரோலர் கோஸ்டர்ல அப்பிடித்தான்.”

“காத்தா?”

“காத்துங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“நல்லா இருக்கு” என்றார். “மத்ததெல்லாம் படத்தைப் பார்த்து முன்னாலேயே தெரிஞ்சுடுது. அது ஒண்ணுதான் எதிர்பாக்கல. இன்னொரு தடவை போடு தம்பி.”

மறுபடி ஏறினார், இந்தத் தடவை தனியாக. பாறையிடம் வந்தபோது உள்ளிருந்து “காத்து!” என்று அவரே கத்தினார். இறங்கி வந்ததும் மைதானத்தின் எந்த மூலை, எத்தனை நாள், கரண்டு எங்கிருந்து என்று பேச ஆரம்பித்துவிட்டார். பெரிய ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் இடம். கூட்டம் நிற்கிற இடமாம். மச்சினன் எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி உள்ளே போய் மறுபடி காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். இந்தத் தடவை எல்லோரும் குடித்தோம்.

பைக்கில் ஏறியவர் திரும்பி என்னிடம் சொன்னார்: “ஆனா ஒண்ணுங்க சார். காத்து வர்ற இடத்துல காத்து வர்ற மாதிரி படத்துல ஒண்ணும் காணோமே. நம்ம ஜனம் விவரமானது, கேட்டுடுவாங்க.”

அவர் போன பிறகு, “விடுங்க மாமா, யாரு கேக்கப் போறா” என்றான் மச்சினன். “அதைச் சரியாத் தட்டி எடுத்திருடா” என்றாள் அவன் அக்கா. “ஐயோ, அது வேண்டாம், அதுக்குத்தான் எடமே கெடச்சுது” என்று பதறினான் அவன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கட்டிய பாதையில் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு சாய்வு இருக்கிறது. அதை எடுக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் மோட்டாரைக்கூடப் போடாமல் முதலில் கணினியைப் போட்டு, பாறையின் பின்பக்கத்துக்குப் போனேன். அங்கே வரிசையாகத் தென்னை மரங்கள் நட்டு, ஒவ்வொன்றையும் வலப்பக்கம் வளைத்தேன். கீழே கொடியில் ஒரு சேலையைக் காயப்போட்டு அதையும் அதே பக்கம் பறக்கவிட்டேன். பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். காற்று நன்றாகவே அடித்தது.